முதல் இடம் தெரியாத புற்றுநோய்: கையில் இருக்கும் காசை ஸ்கேனில் போடுவதா, பயாப்ஸியிலா, ஜீன் டெஸ்டிலா?

ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் இருக்கும்: ‘மெட்டாஸ்டாடிக் கார்சினோமா, பிரைமரி தெரியவில்லை.’ ஈரலிலோ எலும்பிலோ கழுத்து நெறியிலோ (நிணநீர்க் கணுவிலோ) புற்று இருக்கிறது, அது வேறெங்கிருந்தோ பரவி வந்தது, கிளம்பிய இடம் மட்டும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குள் நாலு கட்சி உருவாகிவிடும். பெரியப்பா மகன், “பெட் ஸ்கேன் எடுத்துரலாமுங்க, உடம்பு பூராத் தெரிஞ்சுரும்” என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஜீன் டெஸ்ட் விளம்பரம் ஒன்றை அனுப்புவார். சித்தப்பா சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கார் பேசி முடித்திருப்பார். அத்தை ஒருத்தர் மட்டும், “இந்த வயசுல எதுக்குங்க இத்தனை டெஸ்ட்டு?” என்று கேட்பார்.

நாலு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. நான் டாக்டர் இல்லை. கோயமுத்தூரில் பயாப்ஸி பார்க்கும் லேபில் பிளாக் (திசு பதித்த மெழுகுக் கட்டி) வெட்டுவதும் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவதும் என் வேலை. ஈரோடு, கோபி, தாராபுரம் என்று சொந்தம் இருக்கிற ஊரிலிருந்தெல்லாம் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். திசுவோடு புழங்குகிறவன் என்பதால் எனக்குத் திசுப் பக்கம் ஒரு சாய்வு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

“எங்கிருந்து வந்ததுன்னே தெரியாம எப்படிங்க மருந்து குடுப்பீங்க?” என்று எல்லோரும் டாக்டரிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் முடிவெடுக்க உதவும்: இடம் தெரிந்தால் மருந்து மாறுமா? மாறும் என்றால் எந்தச் செலவுக்கும் தயங்க வேண்டாம். மாறாது என்றால் தேடுவதில் போகும் ஒவ்வொரு வாரமும் நோயாளியின் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இந்த வகை நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் நல்ல பிரிவில் வருவார்கள். இவர்களுக்குக் கிளம்பிய இடம் கண்ணில் படாவிட்டாலும் எங்கிருந்து வந்திருக்கும் என்று நம்பகமாக ஊகிக்கலாம். அந்த ஊகத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும். பெண்ணுக்கு அக்குளில் மட்டும் நெறி கட்டியிருந்தால் மார்பகப் புற்றாக நடத்துவார்கள். பெண்ணுக்கு வயிற்றுச் சவ்வு முழுவதும் பரவி, செல் வகையும் பொருந்தினால் சினைப்பைப் புற்றாக நடத்துவார்கள். கழுத்து நெறியில் ஸ்குவாமஸ் செல் (தட்டையான மேற்பரப்புச் செல்) புற்று வந்தால் தலை, கழுத்துப் புற்று. இளம் ஆணுக்கு நெஞ்சின் நடுவிலோ வயிற்றின் பின்புறத்திலோ கட்டி என்றால் விதைப்பை வகையா என்று பார்க்காமல் விடக்கூடாது, ஏனென்றால் அது குணமாகக் கூடியது.

ஆண்களுக்கு இன்னொன்று. காங்கேயம் பக்கம் எழுபது வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலி, எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. சில நூறு ரூபாய்க்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் புராஸ்டேட்தான். ஹார்மோன் ஊசியில் பலர் ஆண்டுக் கணக்கில் நடமாடுகிறார்கள். இந்த ஒரு டெஸ்ட்டைச் செய்யாமல் பெட் ஸ்கேனுக்கு ஓடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரத்தத்தில் பார்க்கும் மற்ற புற்று மார்க்கர்கள் அப்படியில்லை. சி.இ.ஏ., சி.ஏ.19-9, சி.ஏ.125 எல்லாம் பல உறுப்புப் புற்றுகளில் ஏறும், சில நேரம் புற்றே இல்லாமலும் ஏறும். ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ என்று ஒன்றாகக் கட்டி விற்பதில் இடத்தைக் காட்டுவதற்கு உருப்படியானவை பி.எஸ்.ஏ., ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. மூன்றும்தான். அதுவும் ஆளையும் கட்டி இருக்கும் இடத்தையும் பார்த்து.

மெல்லிய ஊசியா, தடித்த ஊசியா

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். பாதி கேஸ்கள் இங்கேதான் கெடுகின்றன.

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசி. குத்தி உறிஞ்சினால் செல்கள் சிதறலாக வரும். சுலபம், மலிவு, அன்றைக்கே பதில். புற்று இருக்கிறதா என்று சொல்ல அது பெரும்பாலும் போதும். எங்கிருந்து வந்தது என்று சொல்லப் பெரும்பாலும் போதாது. கோர் பயாப்ஸி ஊசி கொஞ்சம் தடிமன். ஒவ்வொரு குத்துக்கும் வெள்ளை நூல் துண்டு போல ஒன்றிரண்டு சென்டிமீட்டர் திசு வரும். அப்படி மூன்று நான்கு நூல் கிடைத்துவிட்டால், மேலே சாயம் ஏற்றவும் ஜீன் பார்க்கவும் கையில் சரக்கு இருக்கிறது. இரண்டில் எது என்று கேட்டால், ரத்தம் உறையாமை போன்ற தடை இல்லாதவரை, தயங்காமல் கோர் என்பேன். கழுத்து நெறி மட்டும் விதிவிலக்கு. அங்கே ஊசியில் ஆரம்பிப்பதே முறை. எடுத்த எடுப்பில் நெறியை அறுத்து எடுத்துவிட்டால் பின்னால் தலை, கழுத்து அறுவைச் சிகிச்சைக்குச் சிக்கல் வரலாம்.

“ஊசி குத்துனா பரவிருமுங்க” என்ற பயம் நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. சில இடங்களில் ஊசித் தடத்தில் புற்று செல் ஒட்டுவது உண்மை, ஆனால் அது அரிது. விதைப்பைக் கட்டியில் ஊசி குத்துவதைத் தவிர்ப்பார்கள், அது டாக்டர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே பரவிவிட்ட நோயில் இந்தப் பயத்துக்காகப் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதில் பொருளே இல்லை.

எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். ஈரல், நெறி, எலும்பு மூன்றிலும் கட்டி இருந்தால் எலும்பைக் கடைசியாக வையுங்கள். எலும்பு கெட்டி என்பதால் அதை வெட்டுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டும். வழக்கமாக அமிலத்தில்தான் ஊறப்போடுவார்கள், அந்த அமிலம் டி.என்.ஏ.வையும் அரித்துவிடும். நாளைக்கு ஜீன் டெஸ்ட்டுக்கு அந்த பிளாக்கை அனுப்பினால், ‘தரம் போதாது’ என்று திரும்பி வரும். எலும்பைத் தவிர வேறு வழியில்லை என்றால் அமிலத்துக்குப் பதில் இ.டி.டி.ஏ. என்ற மென்மையான ரசாயனம் போட்டுக் கரைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாள் கூடும், ஆனால் திசு பிழைக்கும்.

நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் அதுவும் திசுதான். மூச்சு வாங்குகிறது என்று லிட்டர் கணக்கில் நீரை எடுத்துக் கொட்டிவிட்டு, பத்து மில்லி மட்டும் லேபுக்கு அனுப்புவார்கள். கூடுதலாக அனுப்பி, நீரிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக்கும் ‘செல் பிளாக்’ போடச் சொன்னால் அதிலேயே எல்லாச் சாயமும் ஏற்றலாம். தள்ளாத வயதில் ஊசிக் குத்தையே தவிர்க்க இது நல்ல வழி.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம், டி.பி. பெருந்துறையைச் சானடோரியம் என்று சொல்லிப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. கழுத்தில் நெறி கட்டினால் டி.பி. என்றே மருந்து ஆரம்பிக்கிற வழக்கமும் இருக்கிறது. பெட் ஸ்கேனில் டி.பி.யும் புற்றைப் போலவே ஒளிரும். பிரித்துச் சொல்லத் திசு வேண்டும்.

பழுப்புச் சாயம் எவ்வளவு தூரம் சொல்லும்

கோர் பயாப்ஸி ஃபார்மலினில் வந்து, இரவெல்லாம் மெஷினில் ஓடி, காலையில் மெழுகுக் கட்டியாகிவிடும். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்துவோம். முதல் சாயம் ஊதாவும் ரோஜாவும். அதில் புற்று என்று தெரியும். அடுத்தது ஐ.எச்.சி. ஒரு குறிப்பிட்ட புரதம் செல்லில் இருந்தால் மட்டும் அங்கே பழுப்பு நிறம் ஏறும். எந்தப் புரதம் எந்த உறுப்புக்கு உரியது என்ற பட்டியலை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது பேத்தாலஜி டாக்டரின் வேலை.

முதல் சுற்று மூன்று கேள்விக்கு: இது கார்சினோமாவா (உறுப்புகளின் மேற்பரப்புச் செல்களில் தொடங்கும் புற்று), லிம்போமாவா (நிணநீர்ச் செல் புற்று), மெலனோமாவா (நிறமிச் செல் புற்று)? செல் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தால் இந்தச் சுற்றே தலைகீழாக மாற்றிவிடும். லிம்போமா என்று வந்தால் நல்ல செய்தி, பலருக்கு அது குணமாகும். இரண்டாவது சுற்றில் சி.கே.7, சி.கே.20 என்ற இரண்டு புரதங்கள். ஏழு இல்லாமல் இருபது மட்டும், கூடவே சி.டி.எக்ஸ்.2 என்றால் பெருங்குடல் பக்கம். ஏழு மட்டும் இருந்தால் நுரையீரல், மார்பகம், சினைப்பை, தைராய்டு என்று பலது. அங்கே டி.டி.எஃப்.1 ஏறினால் நுரையீரல் அல்லது தைராய்டு, காட்டா3 ஏறினால் மார்பகம் அல்லது சிறுநீர்ப்பை, பாக்ஸ்8 ஏறினால் சினைப்பை, சிறுநீரகம், தைராய்டு. இப்படியே சுருக்கிக்கொண்டு போவார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றும் சாயத்தில் ஒன்று போலவே நடந்துகொள்ளும். 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பரவிய கட்டிகளில் ஐ.எச்.சி. சரியான இடத்தைச் சொன்னது சுமார் 66 சதவீதம். மூன்றில் இரண்டு. வேறு எந்த ஒற்றைப் பரிசோதனையும் இந்தக் காசுக்கு இவ்வளவு தருவதில்லை என்பது என் கணக்கு.

ஆனால் இப்படிச் சாயம் ஏற்றிப் பார்க்கும் மார்க்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீவல் போகிறது. இன்றைக்கு நாலு, அடுத்த வாரம் மூன்று, அதற்கப்புறம் இரண்டு என்று ஒவ்வொரு தடவையும் பிளாக்கை மறுபடி மெஷினில் ஏற்றினால், முகப்பைச் சமன் செய்யவே கொஞ்சம் திசு வீணாகும். நூல் அளவு திசுவில் அது பெரிய நஷ்டம். ‘பிரைமரி தெரியவில்லை, ஜீன் டெஸ்ட்டும் தேவைப்படலாம்’ என்று கோரிக்கைத் தாளில் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே தடவையில் சாயமில்லாத ஸ்லைடுகளையும் கூடுதலாக வெட்டி வைத்துவிடுவோம். இந்த ஒரு வரி எழுதாததால் மறுபடி ஊசிக் குத்து வாங்கியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஐம்பது மார்க்கரை ஒரே மூச்சில் கேட்பதும் தப்பு. அது திசுவையும் காசையும் சேர்த்துக் காலி செய்யும்.

சி.டி.யா, பெட்டா

நெஞ்சு, வயிறு, இடுப்புக்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. எல்லோருக்கும் அடிப்படை. பெண்களுக்கு மேமோகிராம். அக்குள் நெறி இருந்து மேமோகிராமில் ஒன்றும் இல்லையென்றால் மார்பக எம்.ஆர்.ஐ. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அது கட்டியைக் காட்டிவிடும்.

பெட் சி.டி. செலவு பத்தாயிரத்துக்கு மேல்தான். முதல் இடத்தை அது காட்டுவது தோராயமாகப் பத்தில் நாலு பேருக்கு. மிச்ச ஆறு பேருக்கு, “உடம்பு பூராத் தெரிஞ்சுரும்” என்று நம்பிப் போனதற்கு ஏமாற்றம்தான் மிச்சம். சர்க்கரையை உறிஞ்சும் இடம்தான் அதில் ஒளிரும். மூளையும் சிறுநீர்ப் பாதையும் இயல்பாகவே ஒளிர்வதால் அங்கே சிறிய கட்டி மறைந்துவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் படம் தெளிவாக வராது, அன்றைக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் ஊரில் இதைப் போகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, அப்படியானால் பெட் வேண்டாமா? இரண்டு சூழ்நிலையில் நான் சி.டி.யை விட அதைத்தான் சொல்வேன். கழுத்து நெறியில் ஸ்குவாமஸ் வந்திருந்தால் பெட்டை முதலில் எடுங்கள், அதுவும் தொண்டைக்குள் குழாய் விட்டு அங்கங்கே கிள்ளி எடுப்பதற்கு முன்னால். கிள்ளிய புண்ணும் ஒளிர்ந்து குழப்பும். (இந்த நெறியில் பி16 சாயம் ஏறினால் டான்சில், நாக்கு அடி. ஈ.பி.வி. வைரஸ் தெரிந்தால் மூக்கின் பின்புறம். இங்கேயும் திசு ஸ்கேனுக்கு வழி சொல்கிறது.) இரண்டாவது, உடம்பில் ஒரே ஒரு கட்டி மட்டும் இருந்து, அறுவையோ கதிரியக்கமோ செய்யலாமா என்று யோசிக்கும்போது. வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் கத்தி வைக்க முடியாது.

எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டையும் சும்மா தேடிப் பார்ப்பதற்காகச் செய்வது பலன் தருவதில்லை. மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், அல்லது சாயம் குடலைக் காட்டுகிறது என்றால் செய்யுங்கள்.

ஜீன் டெஸ்ட்டில் இரண்டு வகை

மாப்பிள்ளை அனுப்பிய விளம்பரத்துக்கு வருவோம். இதில் வேறு வேறு இரண்டு சரக்கு ஒரே பெயரில் ஓடுகிறது.

முதல் வகை, கட்டியின் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்து ‘இது இந்த உறுப்பு’ என்று சொல்வது. தெரிந்த கட்டிகளில் வைத்துச் சோதித்தால் பத்தில் எட்டு ஒன்பது சரியாகவே சொல்கிறது. ஆனால் அது சொன்ன இடத்துக்கு ஏற்ப மருந்து கொடுத்தால் ஆள் கூடுதல் நாள் வாழ்கிறாரா? ஜப்பானில் 2019-ல் வந்த ஆய்வில் வழக்கமான கீமோவை விட லாபம் இல்லை. ஐரோப்பாவில் நடந்த கெஃப்காபி ஆய்விலும் இல்லை. 2024-ல் ஷாங்காய் ஃபூடான் ஆய்வு மட்டும் நோய் அடங்கியிருக்கும் காலம் 6.6 மாதத்திலிருந்து 9.6 மாதமாகக் கூடியது என்று காட்டியது. அது 182 பேரை வைத்து ஒரே மருத்துவமனையில் நடந்தது. எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது வகை, பல ஜீன்களை ஒரே தடவையில் படிக்கும் என்.ஜி.எஸ். பேனல். இது உறுப்பைத் தேடுவதில்லை, மருந்து பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்று பார்க்கிறது. எம்.எஸ்.ஐ., என்.டி.ஆர்.கே., ரெட், பிராஃப், ஹெர்2 போன்றவை அந்தக் கொக்கிகள். 2017-ல் அமெரிக்காவில் எம்.எஸ்.ஐ. அதிகமுள்ள கட்டிக்கு, எந்த உறுப்பாக இருந்தாலும் சரி, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அதிலிருந்து இந்த வழி திறந்தது. 2024-ல் வந்த கியூபிஸ்கோ ஆய்வில், மூன்று சுற்று கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களுக்கு ஜீன் பார்த்து மருந்து கொடுத்தபோது நோய் அடங்கியிருக்கும் காலம் 4.4 மாதத்திலிருந்து 6.1 மாதமானது. பெரிய தாவல் இல்லை, ஆனால் அந்தச் சராசரிக்குள் நன்றாகப் பலன் பெற்ற சிலரும் ஒளிந்திருக்கிறார்கள்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு, அதுவும் நிபந்தனையோடு. பேனலுக்குப் பல பத்தாயிரம், பெரியது என்றால் லட்சத்தைத் தாண்டும், ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். கொக்கி கிடைத்தாலும், இம்யூனோதெரபி ஒரு டோஸே லட்சக் கணக்கில் போகலாம். மருந்து வாங்க வழியே இல்லாத வீட்டில் டெஸ்ட்டுக்கு மட்டும் நகையை அடகு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குப் பதில் எம்.எஸ்.ஐ.யைக் காட்டிக்கொடுக்கும் எம்.எம்.ஆர். சாயம் நான்கும் ஹெர்2-வும் ஐ.எச்.சி.யிலேயே பார்க்கலாம். கொக்கிகளில் முக்கியமான சிலது அதில் கொஞ்சம் காசிலேயே தெரிந்துவிடும். ரிசல்ட் வரும்வரை கீமோவை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் போன்ற பொதுவான மருந்தில் ஆரம்பித்து, பதில் வந்தபின் மாற்றிக்கொள்வார்கள்.

அத்தை கேட்டதும் தப்பில்லை

நல்ல பிரிவில் வராத 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சராசரி ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதைத் தெரியாமல் முடிவெடுக்க முடியாது. எழுந்து நடமாடுகிறவருக்குத் தேடலும் கீமோவும் அர்த்தமுள்ளவை. நாளில் பெரும்பகுதி படுக்கையிலேயே கழிக்கும் எண்பது வயதுக்காரருக்கு, பி.எஸ்.ஏ. மாதிரிச் சுலபமான டெஸ்ட்டுகளைப் பார்த்துவிட்டு, வலியைக் கவனிப்பதுதான் சரி. எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிரியக்கம், பல நாள் கொடுப்பதற்கு இணையாகவே வலியைக் குறைக்கும். மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. நிறையப் பேருக்குக் கடைசிவரை முதல் இடம் தெரிவதே இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த தொகுப்புகளில்கூட நாலில் ஒருவருக்கு அது அகப்படவில்லை.

அடையாறுக்கு ஆளை அனுப்புவதா, பிளாக்கை அனுப்புவதா

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு இன்ஸ்டிடியூட்டானாலும், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆனாலும் இரண்டாவது கருத்துக்கு நல்ல இடங்கள்தான். ஆனால் ஈரல் வீங்கிப்போன மனுஷரைக் காரில் எட்டு மணி நேரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனால், அங்கேயும் முதலில் கேட்பது பிளாக்கைத்தான். கோவையிலேயே புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. கீமோவை இங்கேயே கொடுத்துக்கொண்டு, பிளாக்கையும் ஸ்லைடையும் மட்டும் மகனோ மருமகனோ கொண்டுபோனால் போதும். டாடா மெமோரியல் சார்ந்த நவ்யா என்ற ஆன்லைன் சேவை மூலம் ரிப்போர்ட்டுகளை அனுப்பிக் கருத்துக் கேட்கவும் வழி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை என்பதில் எந்த ஸ்கேன், எந்தச் சாயம் அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்டரில் டெஸ்ட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிளாக்கைக் கேட்டால் கொடுப்பார்கள், எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் பயாப்ஸி எண்ணும் பிளாக்கில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள். எல்லா பிளாக்கையும் ஒரே இடத்துக்கு அனுப்பாமல், முடிந்தால் ஒன்றையாவது இங்கே விட்டுவையுங்கள். அது மெழுகு என்பதையும் மறக்க வேண்டாம்: சித்திரை வெயிலில் கரூர் பைபாஸ் ஓரம் சாப்பிட இறங்கும்போது பையைக் காரில் விட்டுப் போகாமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.